சிம்மம் – தேவராட்டி

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் லட்சுமிகாந்தம் முதலாளி மேஜையில் இரண்டு போன் இருக்கும். ஆவணி பன்னிரண்டாம் தேதி காலையில் இரண்டும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. புரூஃப் பார்க்கும் பியூலா தன் சாப்பாட்டுக் கூடையை இடத்தில் வைக்கக்கூட இல்லை, அதற்குள் ஆள் வந்து கூப்பிட்டுவிட்டது.

உள்ளே போனால், முதலாளி ஒரு போனைக் காதிலும் இன்னொன்றை நெஞ்சிலும் வைத்துக்கொண்டு, தினசரி காலண்டர் தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார்.

"டீச்சர், இதைப் படிங்க. சத்தமா."

ஆவணி பதினேழு. வரப்போகிற தேதி, இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கிழமை சரி, நல்ல நேரம் சரி, சூலம் சரி. பியூலா மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்து, வழக்கம்போல நடுவில் இருந்த கட்டத்தைத் தாண்டிக் கீழே போனாள்.

"தாண்டாதீக. அதைத்தான் படிக்கச் சொல்றேன்."

நடுக்கட்டம் ராசிபலன். ராசிக்கு ஒரே ஒரு சொல்தான் இருக்கும். வரவு, செலவு, பகை, சுகம், இப்படி. அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் பாதி ஊர் செருப்பை மாட்டும்.

"மேஷம், கட்டுவிச்சி" என்று படித்தாள் பியூலா. குரல் அங்கேயே இறங்கிவிட்டது. "ரிஷபம், அகவன்மகள். மிதுனம், குறமகள். கடகம், சாலினி. சிம்மம், தேவராட்டி..."

"இது என்ன பலன் டீச்சர்? நல்லதா, கெட்டதா? முகூர்த்தம் பாக்க முன்னாடியே பொரட்டினவுக, காலையில இருந்து இருபத்தி மூணு போன். நான் என்ன பதில் சொல்ல?"

பியூலா தாளை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவை அவள் எழுதிக்கொடுத்த சொற்கள்தாம். ஆனால் இந்தக் கட்டத்துக்கு எழுதியவை இல்லை.

போன வருஷம் சீசனில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. எல்லா அச்சகத்துக் காலண்டரும் ஒன்றுபோல இருக்கிறதே, நாம் மாதத்துக்கு ஒருநாள் தாளின் அடியில் 'பழஞ்சொல் பன்னிரண்டு' என்று போடுவோம், டீச்சர் தமிழ் படித்தவர்தானே என்றார். பியூலாவும் ஆசையாக எழுதிக்கொடுத்தாள். சித்திரைக்குக் காற்றின் பெயர்கள், வைகாசிக்குக் கயிறு வகைகள். ஆவணிக்கு அவள் எடுத்துக்கொண்டது, குறி சொன்ன பெண்களுக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர்கள். பத்துத்தான் கிடைத்தன. இரண்டை இழுத்துப் பிடித்துச் சேர்த்துப் பன்னிரண்டு ஆக்கினாள்.

இப்போது தாளின் அடியில் பார்த்தாள். 'குறி சொன்ன பெண்களின் பழைய பெயர்கள்' என்று தலைப்பு. அதற்குக் கீழே வரிசையாக: லாபம், பயம், வரவு, அலைச்சல், பெருமை.

கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற காளீஸ்வரன் இரண்டு பன்னிரண்டையும் மாற்றி ஒட்டியிருக்கிறான். சீசன் நெருக்கத்தில் நடக்கக்கூடியதுதான். ஆனால் கடைசிப் புரூஃபின் மூலையில் 'பார்த்தேன், பியூ' என்று பச்சை மையில் இருக்கிறதே, அதற்கு யாரைச் சொல்வது?

அடிப்பத்தியை அவள் முதல் புரூஃபிலேயே பார்த்தாயிற்று. அது அப்போது சரியாகத்தான் இருந்தது. ராசிக் கட்டத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வேலையை விட்டு இங்கே சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "முதலாளி, நாங்க கிறிஸ்தவங்க, சபைக்காரங்க. கிழமையில இருந்து கிரகணம் வரைக்கும் எல்லாத்தையும் பாக்கறேன். ஆனா ராசிபலன் கட்டத்துல மட்டும் என் கண்ணு படாது." அவரும் சிரித்துக்கொண்டே சரியென்று சொல்லிவிட்டார். அதை வேறு யாராவது பார்ப்பார்கள் என்று அவள் நினைத்தாள். டீச்சர் எப்படியும் ஒரு கண் ஓட்டிவிடுவார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒன்பது வருஷமாக அந்தக் கட்டத்தை ஒருவரும் பார்க்காமலே அது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"தப்பு என்னுதுதான்" என்றாள் பியூலா.

"அது எனக்கும் தெரியும். வெளியில சொல்லிராதீக. ஒண்ணேகால் லட்சம் தாளு. தப்புன்னு ஒத்துக்கிட்டா அடுத்த வருச ஆர்டர்ல மண்ணுதான். நீங்க போன்ல உக்காந்து அர்த்தத்தை மட்டும் சொல்லுங்க. பலனை அவுகளே எடுத்துக்கிடட்டும்."

அன்றைக்கு முழுக்கப் பியூலா போனில் உட்கார்ந்திருந்தாள்.

மல்லாங்கிணறிலிருந்து ஒருவர். "நமக்கு மேஷம்ங்க. கட்டுவிச்சின்னா என்ன?"

"முறத்துல நெல்லைப் பரப்பி, நாலு நாலாத் தள்ளி, மிச்சம் எத்தனைன்னு பாத்துக் குறி சொல்ற பொம்பளைங்க. அப்படிப் பாக்கறதுக்குக் கட்டுன்னு பேரு. அதனால கட்டுவிச்சி."

"நெல்லா? நாங்க கம்புல்ல போட்டிருக்கோம்! அப்ப இந்த வருசமும் வெளங்காதா?"

காரியாபட்டியிலிருந்து ஒரு பெண். குரலிலேயே சண்டை இருந்தது. "எங்க வீட்டுக்காரருக்குக் கடக ராசி. சாலினின்னு போட்டிருக்கீக. யாரு அவ?"

"யாரும் இல்லம்மா. அது சாமி ஏறி ஆடின பொம்பளைக்கு வழங்கின பழைய சொல்லு. எப்படி வந்துச்சுன்னு எனக்கே சரியாத் தெரியலை."

"எங்கன இருந்து அவ வந்தான்னு தெரியாமயா பேப்பர்ல போட்டீக?" போன் வைக்கப்பட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பியூலாவின் தலை கிறுகிறுத்தது. ராசியைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்றவள், பன்னிரண்டு ராசிக்கும் காலை முதல் பதில் சொல்லிக்கொண்டு இருந்தாள். ஜெபம் பண்ண முழங்கால் போட்டால், என்ன கேட்பது என்றே வரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் எதற்கு? பார்க்காததற்கா, பார்த்ததற்கா?

மறுநாள் யோகேஸ்வரி வந்தாள்.

போனில் இல்லை, நேரிலேயே வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். அச்சங்குளத்திலிருந்து பஸ் ஏறி, தாளை மட்டும் கிழித்துக் கொண்டுவராமல் முழுக் காலண்டரையும் மஞ்சள் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுமினுப்பு; பட்டாசுக் கம்பெனியில் வேலை. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"சிம்மத்துக்குத் தேவராட்டின்னு போட்டது யாரு? அவுகளப் பாக்கணும்."

"நான்தான்ம்மா" என்றாள் பியூலா. போனில் சொல்லிப் பழகிய பதில் வாய்க்குள் தயாராக இருந்தது.

"அப்ப நீங்களே சொல்லுங்க. தேவராட்டின்னா சாமி எறங்குற பொம்பளையா, இல்லையா? எங்க ஊர்ல ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு அப்படித்தான் சொல்றாரு. எங்க அண்ணன் இல்லைங்காரு. தேவர்ன்னா சாமி, ஆட்டின்னா ஆட்டுறது, சாமியவே ஆட்டிப் படைக்கிறவன்னு அர்த்தமாம். அதனால அது கெட்ட சகுனமாம்."

பியூலாவுக்குள் இருந்த டீச்சர் முழித்துக்கொண்டாள். "உங்க அண்ணன் சும்மா அடிச்சு விடுறாரு. பெண்டாட்டி, மனையாட்டி, சீமாட்டின்னு சொல்றோம்ல? அந்த ஆட்டிதான் இது. பொம்பளையைக் குறிக்கிறது. தெய்வத்துக்கு உரியவ, தெய்வம் ஏறி நின்னு வாக்குச் சொல்றவ. அவளுக்குத்தான் தேவராட்டின்னு பேரு."

யோகேஸ்வரி அப்போதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் ஸ்டூல் கிறீச்சிட்டது.

"எத்தனை வருசத்துப் பேரு?"

"ஆயிரத்துக்கு மேல. எவ்வளவுன்னு கரெக்டாச் சொல்ல முடியாது."

"ஆம்பளைக்கு இல்லையா இந்தப் பேரு?"

"ஆம்பளைக்கு வேற இருக்கு. இது பொம்பளைக்குன்னே உள்ள பேரு."

அதன்பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் வகையறாவுக்கு, அதாவது பங்காளிக் கூட்டத்துக்கு, ஊருக்கு வெளியே ஒரு காளி கோயில். அங்கே பித்தளையில் விபூதித் தட்டு ஒன்று உண்டு. தட்டை எடுக்கிறவர்தான் சாமியாடி. அவர் கையால் விபூதி வாங்கிய பிறகுதான் வகையறாவில் யாரும் கல்யாணம் பேசுவார்கள், கிணறு வெட்டுவார்கள். இதுவரை தட்டெடுத்தவர் யோகேஸ்வரியின் பெரியப்பா. அவர் தை மாதம் காலமாகிவிட்டார். அடுத்து நான்தான் என்கிறார் அவருடைய மகன் மணிகண்டராஜ், அவள் சொன்ன அந்த அண்ணன், லோடு வண்டி வைத்திருப்பவர்.

"அவருக்கு ஒருதடவகூடச் சாமி வந்ததில்ல டீச்சர். வைகாசியில உடுக்கு அடிச்சப்போ எனக்குத்தான் வந்துச்சு. அம்புட்டுப் பேரும் பாத்தாக. பாத்துட்டு, கட்டிக் குடுத்து வாழாம வந்தவளுக்குச் சாமி ஒரு கேடான்னு கேட்டாக. பொம்பள தட்டெடுத்ததா சரித்திரமே இல்லேன்னு அண்ணன் சொல்றாரு. பதினேழாம் தேதி வகையறா கும்பிடு. அன்னைக்குத் தட்டு யாருக்குன்னு முடிவாயிரும். இந்த நேரத்துல, அந்தத் தேதிக்கு, என் ராசிக்கு இந்தச் சொல்லு வந்து விழுந்திருக்கு பாருங்க!"

அவள் கண் பளபளத்தது. பியூலாவால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை. முதலாளி அறைக் கதவு திறந்திருக்கிறதா என்று ஒருதடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"யோகேஸ்வரி, இது வந்து விழுந்தது இல்லம்மா. தப்பா விழுந்தது. கீழ போட வேண்டியதை மேல போட்டுட்டாங்க. உன் ராசிக்கு நியாயமா வந்திருக்க வேண்டியது இதோ, அஞ்சாவது. 'பெருமை.' நான் சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

அழுதுவிடுவாள் என்று நினைத்தாள். யோகேஸ்வரி அந்த இரண்டு இடத்தையும் விரலால் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள்.

"பன்னெண்டு வார்த்தையில இது ஏன் சிம்மத்துக்கு வரணும்?"

"நான் எழுதின வரிசையில அது அஞ்சாவது. சிம்மமும் அஞ்சாவது."

"ஏன் அஞ்சாவதா எழுதுனீக?"

பியூலா மனதுக்குள் பட்டியலை ஓட்டிப் பார்த்தாள். ஏன் ஐந்தாவதாக எழுதினோம்? அகர வரிசையும் இல்லை, கால வரிசையும் இல்லை. அப்படித்தான் வந்தது.

"தெரியலை" என்றாள்.

"எனக்கும் சாமி தப்பாத்தான் விழுந்துச்சு டீச்சர். ஆம்பளைக நின்ன வரிசையில விழ வேண்டியது, தண்ணிக் குடம் வச்சுட்டு ஓரமா நின்னவ மேல விழுந்துச்சு. நானா கேட்டேன்?" அவள் காலண்டரைப் பையில் வைத்தாள். "பதினேழாம் தேதி நீங்க ஒருக்க வரணும். தப்பா விழுந்துச்சுன்னும் சொல்லுங்க, அர்த்தத்தையும் சொல்லுங்க. ரெண்டையும் சொல்லுங்க. நான் சொன்னா இட்டுக்கட்டுறேம்பாக."

"நான் வேதக்காரிம்மா. கோயில்ல வந்து..."

"கோயிலுக்குள்ள யாரு கூப்பிட்டா? வேப்பமரத்தடியில நின்னு சொல்லிட்டுப் போங்க."

இதற்கு என்ன சொல்லித் தட்டிக்கழிப்பது? தப்பு பியூலாவுடையது. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளிடம், தப்பைச் செய்த இடத்திலேயே போய்ச் சொல்லு என்று அனுப்பியிருப்பாள்!

ஆவணி பதினேழாம் தேதி, வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டு, முதலாளிக்குத் தெரியாமல் அச்சங்குளத்துக்கு பஸ் ஏறினாள். பொய்யும் ஒன்று சேர்ந்துகொண்டது.

கோயில் என்றால் பெரிய கோயில் இல்லை. தகரக் கூரை, நாலு தூண், உள்ளே மஞ்சள் சீலை கட்டிய கல். காலை பத்து மணி வெயிலில் தகரம் மினுங்கியது. வகையறா என்று எண்பது பேர் இருப்பார்கள். பொங்கல் பானை மூன்று கொதித்துக்கொண்டிருந்தது. பித்தளைத் தட்டு கல்லுக்கு முன்னால் புளி போட்டு விளக்கி வைக்கப்பட்டிருந்தது.

பூசாரி நல்லசிவம் வயதானவர், காதோரம் பென்சில் செருகியிருந்தார், பொங்கல் வரி கொடுத்தவர்கள் பெயரை எழுதுவதற்கு. "டீச்சரம்மா, வாங்க, நெழல்ல நில்லுங்க. காப்பி சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "ஏலே, சத்தம் போடாதீக, அச்சாபீஸ்ல இருந்து வந்திருக்காக" என்றார்.

பியூலா சொன்னாள். முதலில் தப்பைச் சொன்னாள், கட்டம் மாறியதை, தான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை. கூட்டத்தில் பெருமூச்சு மாதிரி ஒன்று எழுந்து அடங்கியது.

"பாத்தீகளா!" என்று மணிகண்டராஜ் முன்னால் வந்தார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. "அச்சுப் பிழைங்காக. அச்சுப் பிழையை வச்சுக்கிட்டா என் தங்கச்சி தட்டெடுக்கப் போறா?"

"அண்ணே, துலாத்துக்கு என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க" என்று கூட்டத்துக்குள் இருந்து யாரோ சீண்டினார்கள்.

"முதுபெண்டு!" என்று இன்னொரு குரல் வந்தது. "அண்ணனுக்குத் துலாம். கெளவி!"

எல்லோரும் சிரித்தார்கள். மணிகண்டராஜ் முகம் சுருங்கியது. பியூலாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. "கேலி பண்ணாதீங்க. முதுபெண்டுன்னா அனுபவப்பட்டவ. ஒரு காரியத்துக்குக் கெளம்பும்போது, ஊர் ஓரமா நின்னு, வழியில போறவங்க தற்செயலாப் பேசுற வார்த்தையைக் காதுல வாங்கி, அதை வச்சு நல்லது கெட்டது சொல்வாங்க. அதுக்கு விரிச்சின்னு பேரு. அதுவும் மரியாதையான வேலைதான்."

"எல்லாம் பொம்பள வேலையாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார் அவர்.

"ஆமா" என்றாள் பியூலா. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. "பன்னெண்டு பேரு எழுதினேன். பன்னெண்டும் பொம்பளைங்க பேருதான். முறத்தைப் பாத்துச் சொன்னவ, கோலைக் கையில வச்சுக்கிட்டு சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவ, ஆடிச் சொன்னவ, காது குடுத்துக் கேட்டுச் சொன்னவ. காலண்டர் சொன்னதுன்னு நீங்க நம்ப வேண்டாம். நானும் நம்பலை. ஆனா சரித்திரமே இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. அது தப்பு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆமாம் என்றது ஒரு பக்கம். கட்டிக் கொடுத்த பெண் வேறு வகையறா என்றது இன்னொரு பக்கம். திரும்பி வந்தவள் எந்த வகையறா என்று கேட்டது மூன்றாவது பக்கம். யோகேஸ்வரி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நல்லசிவம் கையைத் தட்டினார். "வாயால தீராது. பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா யோகேசு, செகப்பு வந்தா மணிகண்டன். ஒரு கேள்விக்கு ஒருதடவைதான். எடுத்தது எடுத்ததுதான். அப்புறம் எவனும் வாயைத் தெறக்கப்படாது. சம்மதமா?"

மணிகண்டராஜ் சம்மதம் என்றார். யோகேஸ்வரியும் தலையை ஆட்டினாள். நந்தியாவட்டை ஒரு வாழையிலைத் துண்டில், செவ்வரளி இன்னொரு துண்டில் மடிக்கப்பட்டு, நாரால் கட்டி, ஒன்றுபோல இரண்டு பொட்டலம் தட்டில் வைக்கப்பட்டது. வழக்கமாகச் சின்னப்பிள்ளைதான் எடுக்கும். எந்தப் பிள்ளை? அது இவன் பேத்தி, இது அவள் கொழுந்தன் மகள் என்று ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிட்டது. அங்கே இருந்த கைகளில் ஏதோ ஒரு பக்கம் சேராத கை ஒன்றுகூட இல்லை.

"டீச்சரம்மா எடுக்கட்டும்" என்றார் மணிகண்டராஜே. "அவுக வேதக்காரவுக. நம்ம சாமி மேல நம்பிக்கை இல்லாதவுக. அந்தக் கையில ஓரவஞ்சனை இருக்காது."

எண்பது பேரும் அதுதான் சரி என்றார்கள். பியூலா பின்னால் நகர்ந்தாள். முதுகில் வேப்பமரம் இடித்தது. "ஐயோ, நான் மாட்டேன். இதெல்லாம் நாங்க பண்ணக்கூடாது" என்றாள். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ஒண்ணை எடுங்க, போதும்" என்று தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டிவிட்டார் நல்லசிவம்.

பியூலா தட்டைப் பார்த்தாள். இரண்டு பச்சைப் பொட்டலம், மூடி, கட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றை எடுத்து, இதுதான் என்று கொடுக்க வேண்டும். அவளுக்குத் தன்னுடைய பச்சை மை ஞாபகம் வந்தது. 'பார்த்தேன், பியூ.' ஒன்பது வருஷம், வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தாள். பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதிய கை இது.

அவள் எடுத்தாள். ஒன்றை அல்ல, இரண்டையும்.

"ஏம்மா, ஒண்ணுதான்..." என்று பூசாரி சொல்லி முடிப்பதற்குள் நாரைப் பல்லால் கடித்து இழுத்து, இரண்டு பொட்டலத்தையும் அவிழ்த்துவிட்டாள். இடது உள்ளங்கையில் சிவப்பு, வலது உள்ளங்கையில் வெள்ளை. கூட்டம் ஓவென்று கத்தியது.

"பாக்காம கையெழுத்துப் போட்டுத்தான் இவ்வளவும் வந்துச்சு" என்றாள் பியூலா. குரல் உடைந்து, பள்ளிக்கூடத்துக் குரல் வெளியே வந்தது. "இனிமே நான் பாக்காம எதையும் எடுத்துக் குடுக்க மாட்டேன். பாத்துத்தான் குடுப்பேன்."

வெள்ளைப் பூ இருந்த கையை யோகேஸ்வரியிடம் நீட்டினாள்.

அப்புறம் நடந்த கூச்சலைச் சொல்லி முடியாது. செல்லாது என்றார்கள். தெய்வக் குத்தம் என்றார்கள். மறுபடி கட்டு என்றார் மணிகண்டராஜ். நல்லசிவம் காதோரப் பென்சிலை எடுத்துத் திரும்பச் செருகினார், எடுத்தார், செருகினார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில், "ஒரு கேள்விக்கு ஒருதடவைதான்னு சொன்னது நானு. எடுத்தது எடுத்ததுதான்னு சம்மதிச்சது நீங்க. அந்தக் கையத் தேர்ந்ததும் நீதான் மணிகண்டா. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும்னு நம்ம எவனும் சொல்லலையே" என்றார்.

"அதைச் சொல்ல வேற செய்யணுமா?"

"இனிமே சொல்லிக்கிடுவோம். இன்னைக்குச் சொல்லலை."

யோகேஸ்வரி நந்தியாவட்டையைக் காதோரம் செருகிக்கொண்டு தட்டை எடுத்தாள். உடுக்கு அடித்தார்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள், பியூலாவும் பார்த்தாள். சாமி வரும், உடம்பு குலுங்கும், முடி அவிழும் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அவள் சும்மா நின்றாள். நேரம் ஆக ஆக உடுக்கை அடிப்பவருக்குக் கை வலித்தது. மணிகண்டராஜின் உதட்டில் சிரிப்பு ஊறத் தொடங்கியது.

அப்போது அவள் கூப்பிட்டாள். ஆடவும் இல்லை, அலறவும் இல்லை, வாசலில் நின்று தெருவில் போகிறவரைக் கூப்பிடுவது போலத்தான். "பெரியப்பா, வாங்க. அப்பத்தா, வா. சின்னாத்தா, நீயும் வா" என்று செத்துப்போனவர்களை ஒவ்வொருவராக முறையும் பெயரும் சொல்லி. பதினைந்து, இருபது பெயர். எல்லாம் வகையறாவில் இருந்தவர்கள். கூட்டத்தில் அவரவர் தாய் தகப்பன் பெயர் வரும்போது அவரவர் முந்தானையை, துண்டை எடுத்தார்கள். முடிவில் உயிரோடு இருக்கிறவர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் பெயர், "மணிகண்டண்ணே, வா."

அவர் அசையவில்லை. அவள் இரண்டாம்முறை கூப்பிட்டாள். மூன்றாம்முறை கூப்பிடும்போது அவர் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நெற்றியைக் குனிந்து காட்டினார். யோகேஸ்வரி விபூதியைப் பூசினாள். அதற்குப் பிறகு வரிசை தானாக நின்றது.

அகவுதல் என்றால் கூப்பிடுதல். அகவன்மகள், கூப்பிடுகிறவள். பியூலா அதை எழுதியபோது ரிஷபத்துக்குப் போகும் என்றோ, அச்சங்குளத்தில் சிம்ம ராசிக்காரி ஒருத்தி வாயில் வந்து நிற்கும் என்றோ யார் கண்டது? அப்படியானால் கட்டம் மாறியது ஒருதடவைதானா, இரண்டுதடவையா? வரும் வழி முழுக்க பஸ் ஜன்னலில் தலை இடிக்க இடிக்க யோசித்தும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தான் செய்தது பிழை திருத்தமா, புதுப்பிழையா என்பதும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதும்தான்.

மறுநாள் காலையிலேயே முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சிவகாசிக்கும் அச்சங்குளத்துக்கும் நடுவில் லோடு வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. டீயை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "வயித்து வலி தேவலையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கொஞ்சம் கழித்து, "டீச்சர், உங்க ராசி என்ன?"

"தெரியாது முதலாளி. எங்க வீட்டுல யாரும் எழுதி வைக்கலை. ஞானஸ்நானத் தேதி மட்டும்தான் இருக்கு."

"பொறந்த நேரத்தைச் சொல்லுங்க, கணிச்சுருவோம். உங்களுக்கு எந்தப் பேரு விழுந்திருக்குன்னு பாப்போம்."

"வேண்டாம்" என்றாள் பியூலா, அவசரமாக.

அவள் தன் மேஜைக்கு வந்தாள். அடுத்த வருஷக் காலண்டரின் புரூஃப் குவிந்து கிடந்தது. முதல் தாளை எடுத்தாள். கிழமை, நல்ல நேரம், சூலம். நடுக்கட்டத்துக்கு வந்ததும் கண் பழக்கத்தில் தாண்டியது. திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். மேஷம் – ஓய்வு. ரிஷபம் – தாமதம். மிதுனம் – ஆதயம்.

ஆதாயம் என்று இருக்க வேண்டும். துணைக்கால் விட்டுப்போயிருந்தது. எத்தனை வருஷமாக இப்படியே போய்க்கொண்டிருந்ததோ! பியூலா பச்சைப் பேனாவைத் திறந்தாள். மிதுன ராசிக்காரர்களில் தனக்கு யாரைத் தெரியும் என்று நினைத்துப் பார்த்தாள், யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. துணைக்காலைப் போட்டுவிட்டு, அடுத்த ராசிக்குப் போனாள்.